கொசுறுக் கணக்கு

1960களில் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை இழுப்பறையைத் திறந்தால், கத்திக்கும் கரண்டிக்கும் பக்கத்தில் பச்சை நிற ஸ்டாம்புகள் நீளநீளமாகச் சுருண்டு கிடக்கும். மளிகைக் கடையில் 10 சென்ட்டுக்குப் பொருள் வாங்கினால் ஒரு ஸ்டாம்ப். விடுமுறை நாளில் பிள்ளைகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஈரப் பஞ்சில் ஒற்றியோ நாக்கால் நனைத்தோ அவற்றைச் சின்னப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். ஒரு பக்கத்துக்கு 50, மொத்தம் 24 பக்கம், ஆக 1,200 ஸ்டாம்ப். அதாவது 120 டாலருக்கு வாங்கினால் ஒரு புத்தகம் நிரம்பும். நிரம்பிய புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஸ்டாம்ப் நிறுவனம் அதற்கென்றே ஊரில் திறந்து வைத்திருந்த கடைக்குப் போனால் டோஸ்டரோ மேசை விளக்கோ மடக்கு நாற்காலியோ கையில் வரும். பிசின் வாசனையும் பச்சை மை ஒட்டிய விரல்களும் அந்தத் தலைமுறையின் ஞாபகத்தில் இன்னும் இருக்கின்றன.

அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்று ஸ்டாம்ப் ஒட்டுவதில்லை. பணப்பையில் நான்கைந்து கிரெடிட் கார்டு வைத்திருக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு கார்டின் மேலும் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி 'மளிகை', 'ஓட்டல்', 'பெட்ரோல்', 'மற்றதெல்லாம்' என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கடையில் எந்தக் கார்டைத் தேய்த்தால் எவ்வளவு திரும்பி வரும் என்பது, இப்படிக் கார்டுகளைக் கூட்டணி சேர்க்கும் அவர்களுக்கு மனப்பாடம். பாட்டி போட்டதும் பேத்தி போடுவதும் ஒரே கணக்குதான்: எப்படியும் செலவழிக்கப் போகிற காசுக்கு மேல்கொண்டு என்ன கிடைக்கும்?

நம் ஊரில் இதற்கு அழகான பெயர் உண்டு. காய் நிறுத்து முடித்ததும் கடைக்கார அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு தண்டு கொத்தமல்லியும் பையில் போடுகிறாரே, அது கொசுறு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அதை 'லான்யாப்' என்பார்கள். 1883ல் வெளிவந்த தன் மிசிசிப்பி நூலில் மார்க் ட்வைன் அந்தச் சொல்லைக் கண்டு மகிழ்ந்து எழுதியிருக்கிறார். கையால் அள்ளிப் போடும் கொசுறுக்கு அளவு கிடையாது. தெரிந்த முகமென்றால் கொஞ்சம் கூடும். பெரிய கடைகள் எழுந்து, விற்பவருக்கு வாங்குபவரின் முகம் தெரியாமல் போன காலத்தில், கொசுறையும் எண்ணிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்படிப் பிறந்ததுதான் ஸ்டாம்ப்.

1891ல் மில்வாக்கி நகரத்தின் ஷூஸ்டர்ஸ் கடை நீல நிற ஸ்டாம்ப் கொடுக்க ஆரம்பித்தது. ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு மட்டும் ஸ்டாம்ப். கணக்கெழுதிக் கடன் சொல்கிறவருக்கு இல்லை. கடன் வாங்குபவனுக்கே கொசுறு என்று ஆகிவிட்ட இன்றைய நிலையோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும். 1896ல் தாமஸ் ஸ்பெர்ரியும் ஷெல்லி ஹட்சின்சனும் சேர்ந்து, கடையிலிருந்து ஸ்டாம்பைப் பிரித்துத் தனித் தொழிலாக்கினார்கள். அவர்களுடைய 'எஸ் அண்ட் எச்' நிறுவனம் ஸ்டாம்பை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். வாடிக்கையாளர் அதை நிறுவனத்திடமே கொண்டுபோய்ப் பொருளாக மாற்றினார்.

மூன்று பேர் விளையாடும் இந்த ஆட்டத்தில் நடுவில் இருப்பவருக்கு இரட்டை லாபம். ஸ்டாம்புக்கான காசு இன்றே வந்துவிடுகிறது. அதற்கான டோஸ்டரை மாதங்கள் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். இழுப்பறையிலேயே கிடந்து தொலைந்துபோன ஸ்டாம்புக்கு எதுவும் கொடுக்கவே வேண்டாம். கடைக்காரருக்கோ விற்பனையில் சுமார் 2 சதவீதம் கையை விட்டுப் போனது. எதிர்க்கடையில் ஸ்டாம்ப் இல்லாத வரை கூட்டம் இங்கே வந்தது, செலவு கட்டுபடியானது. எதிர்க்கடையும் வேறொரு நிறத்தில் ஸ்டாம்ப் கொடுக்கத் தொடங்கியதும் கூட்டம் பழையபடி பிரிந்தது; 2 சதவீதம் மட்டும் விலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த ஒரு பத்தியை நினைவில் வைத்துக்கொண்டால் கிரெடிட் கார்டின் பாயின்ட், மைல், கேஷ்பேக் எல்லாமே விளங்கிவிடும்.

வேறு மாதிரியான கொசுறு ஒன்றும் இருந்தது. 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் டோட் லேன் என்ற தெருவில் சில தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. விலை ஊர் விலை. ஆனால் கணக்கு முடிக்கும்போது மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் உறுப்பினர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையை இங்கிலாந்துக் குடும்பங்கள் 'டிவி' என்று செல்லமாக அழைத்தன. அந்த வழியைப் பின்பற்றி 1904ல் சென்னையில் எழுந்ததுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்; சென்னைவாசிகளுக்கு டி.யூ.சி.எஸ். என்றால் உடனே தெரியும். இந்த முறையில் திரும்பி வந்த காசு வாங்கியவருடைய சொந்தக் காசு. அடுத்தவர் பையிலிருந்து வந்ததில்லை. ஸ்டாம்புக்கும் டிவிக்கும் இருந்த இந்த வேறுபாடு பின்னால் வந்த எல்லா வகைக் கொசுறுக்கும் உரைகல்.

ஸ்டாம்ப் மோகம் 1950களிலும் 60களிலும் உச்சத்துக்குப் போனது. சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், சலவைக் கடை எல்லா இடத்திலும் ஸ்டாம்ப். ஆண்டி வார்ஹோல் 1962ல் பச்சை ஸ்டாம்புகளையே வரிசையாக ஓவியத்தில் கொண்டுவந்தார். பெண்கள் அப்போதே கூட்டணிக் கணக்குப் போட்டார்கள். எந்தக் கடையில் எந்த நிற ஸ்டாம்ப், எந்தக் கிழமையில் இரட்டை ஸ்டாம்ப், எந்தப் புத்தகம் முதலில் நிரம்பும் என்று பார்த்து மளிகைக்கு ஒரு கடை, பெட்ரோலுக்கு ஒரு பங்க் என்று பிரித்துக்கொண்டார்கள்.

விலைவாசி ஏறியபோது அந்தப் பெண்களே திரும்பி நின்றார்கள். 1966 அக்டோபரில் டென்வர் நகரத்து இல்லத்தரசிகள் சூப்பர் மார்க்கெட்டுகளைப் புறக்கணித்தார்கள். ஸ்டாம்பும் பரிசுப் போட்டியும் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. போராட்டம் வேறு பல நகரங்களுக்கும் பரவியது. 1973ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகள் தாமாகவே வரிசையில் நிற்க, பெட்ரோல் பங்குகள் ஸ்டாம்பைக் கைவிட்டன. பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் 1977 ஜூனில் கிரீன் ஷீல்டு ஸ்டாம்பை நிறுத்தி, மிச்சமான காசில் விலையைக் குறைத்தது. கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. ஸ்டாம்பின் செலவு விலையில்தான் ஒளிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

கார்டு இந்தக் கதைக்குள் வந்து சேர்ந்தபோது அதில் கொசுறு இல்லை. 1950ல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்னமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப், ஓட்டல் பில்லை மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வசதியை மட்டும் கொடுத்தது. அதற்காக ஓட்டல்காரரிடம் 7 சதவீதம் பிடித்துக்கொண்டது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் யாரும் கேட்காமலேயே 60,000 பேருக்குத் தபாலில் கார்டு அனுப்பி வைத்தது. அதுதான் பின்னாளில் விசா ஆனது. தொடக்கத்தில் 4 சதவீதம் பேர்தான் கடனைக் கட்டாமல் இழுத்தடிப்பார்கள் என்று வங்கி கணக்குப் போட்டது. இழுத்தடித்தது 22 சதவீதம். அடுத்த பல ஆண்டுகள் கார்டுத் தொழில் நஷ்டத்தோடும் மோசடியோடும் மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தது. கொசுறு கொடுக்கும் நிலையில் யாரும் இல்லை.

நிலைமையை மாற்றியது 1978ல் வந்த ஒரு தீர்ப்பு. வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வட்டி வரம்புதான் நாடு முழுக்கச் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தெற்கு டகோட்டா மாநிலம் வட்டி வரம்பை நீக்கிக் கதவைத் திறந்தது. சிட்டிபேங்க் தன் கார்டுத் தொழிலை அங்கே கொண்டுபோனது. கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம் ஒரு பக்கம், மாதாமாதம் பாக்கி வைப்பவரின் வட்டி மறு பக்கம் என்று இரண்டு ஊற்றுகள் சேர்ந்ததும் கார்டுத் தொழில் கொழித்தது. லாபம் வந்ததும் போட்டி வந்தது. போட்டி வந்ததும் கொசுறு வந்தது.

அந்தக் கொசுறின் ஒரு நாணயம் விமான மைல். அதே 1978ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கியது. நிறுவனங்களுக்குப் பயணிகளைத் தக்கவைத்துக்கொள்ள ஏதாவது தேவைப்பட்டது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தை அறிவித்தது. பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து இலவச டிக்கெட். சில நாட்களுக்குள் யுனைடெட் அதைப் பின்தொடர்ந்தது. 1987ல் சிட்டிபேங்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கைகோத்து ஒரு டாலர் செலவுக்கு ஒரு மைல் தரும் கார்டைக் கொண்டுவந்தன. விமானத்தில் ஏறாமலேயே, மளிகைக் கடையில் பால் வாங்கி மைல் சேர்க்கலாம் என்றானது. வங்கி அந்த மைல்களை விமான நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கியது. பச்சை ஸ்டாம்பை அச்சடித்து விற்ற இடத்தில் இப்போது விமான நிறுவனம் நின்றது. இந்த வியாபாரம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பது கொரோனா காலத்தில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020ல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்கன் அதே வழியில் 1,000 கோடி டாலர் திரட்டியது.

ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கும் கேஷ்பேக்கைப் பரப்பியது டிஸ்கவர் கார்டு. சியர்ஸ் கடை நிறுவனத்தின் பிள்ளையான அந்தக் கார்டு 1986ல் நாடு முழுக்க வந்தது. ஆண்டுக் கட்டணம் கிடையாது, செலவில் 1 சதவீதம் வரை திரும்பி வரும். 1992ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பங்குக்கு ஒரு கார்டு விட்டது. செலவில் 5 சதவீதம், ஆனால் அந்தக் கம்பெனி கார் வாங்கும்போதுதான் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு கார்டு போதாது, இரண்டு மூன்று வேண்டும் என்ற எண்ணம் ஊன்றியது 2000களில். வங்கிகள் எல்லாச் செலவுக்கும் ஒரே விகிதம் என்பதை விட்டு, வகை பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தன. மளிகைக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு, மருந்துக் கடைக்கு இவ்வளவு. பிரிக்க உதவியது ஒரு நாலு இலக்க எண். கார்டு வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு: மளிகை, சூப்பர் மார்க்கெட் என்றால் 5411, உணவகம் 5812, பெட்ரோல் பங்க் 5541, மருந்துக் கடை 5912. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. எந்த எண்ணுள்ள கடையில் வாங்கினீர்கள் என்பது மட்டும் தெரியும். அதனால்தான் அமெரிக்காவில் சில கார்டுகளில் ஒரே பால் பாக்கெட்டை அக்கம்பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் 6 சதவீதமும், வால்மார்ட் போன்ற பெருங்கடையில் வாங்கினால் 1 சதவீதமும் திரும்பும். இதைப் புரிந்துகொண்டவர்கள் சூப்பர் மார்க்கெட்டிலேயே மற்றக் கடைகளின் பரிசுக் கூப்பன் அட்டைகளை வாங்கி, துணிச் செலவையும் மளிகைக் கணக்கில் ஏற்றினார்கள்.

கணக்கு எப்படி ஓடும் என்பதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 2011ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த 'புளூ கேஷ் பிரிஃபர்டு' கார்டு சூப்பர் மார்க்கெட்டில் 6 சதவீதம் தந்தது. பிறகு ஆண்டுக்கு 6,000 டாலர் என்று உச்சவரம்பு வந்தது. ஆண்டுக் கட்டணமும் 95 டாலர் ஆனது. முழு 6,000 டாலரையும் அதில் தேய்த்தால் 360 டாலர் வரும். கட்டணம் போக 265. சிட்டி 2014ல் விட்ட 'டபுள் கேஷ்' கார்டுக்குக் கட்டணம் இல்லை. வாங்கும்போது 1 சதவீதம், பில்லைக் கட்டும்போது 1 சதவீதம், ஆக எல்லாவற்றுக்கும் 2. அதே 6,000 டாலருக்கு 120. ஆக மளிகைக்கு முதல் கார்டு, மற்றதற்கு இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 145 டாலர் மிச்சம். ஆனால் மாதம் 200 டாலருக்கும் குறைவாகவே மளிகை வாங்குகிற தனி ஆளுக்கு 95 டாலர் கட்டணம் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். அவருக்கு இரண்டாவது கார்டு ஒன்றே போதும். சரியான கூட்டணி எது என்பதை வீட்டுச் செலவு நோட்டுதான் சொல்ல முடியும். விளம்பரம் சொல்லாது.

சேஸ் வங்கி இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. தன் கார்டுகளுக்குள்ளேயே கூட்டணி அமையும்படி செய்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் வகைகளில், 1,500 டாலர் வரை 5 சதவீதம் தரும் ஒரு கார்டு, எல்லாவற்றுக்கும் 1.5 சதவீதம் தரும் இன்னொரு கார்டு. ஓட்டலுக்கும் பயணத்துக்கும் கூடுதலாகத் தரும் சஃபையர் கார்டு. முதல் இரண்டில் சேர்ந்த பாயின்ட்டுகளைச் சஃபையர் கணக்குக்கு மாற்றினால் அவற்றை விமான மைல்களாக ஆக்கலாம். அந்த இரண்டு மட்டும் இருந்தால் முடியாது. தனித்தனியாக 1 சென்ட் பெறுமானமுள்ள பாயின்ட் சேர்ந்திருக்கும்போது அதைவிடக் கூடுதலாகப் பேசியது. கார்டு வைத்திருப்போர் இந்த மூன்றையும் 'டிரைஃபெக்டா' என்று அழைத்தார்கள். குதிரைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் சரியாகச் சொல்வதற்கான பெயர் அது.

2016 ஆகஸ்டில் சஃபையர் ரிசர்வ் வந்தபோது ஆர்வம் கரை மீறியது. ஆண்டுக் கட்டணம் 450 டாலர். சேர்ந்தவுடன் 1,00,000 பாயின்ட். ஓரிரு வாரத்தில் உலோகக் கார்டுகள் கையிருப்புத் தீர்ந்து, வங்கி தற்காலிகமாகப் பிளாஸ்டிக் கார்டு அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டு லாபத்தில் 20 முதல் 30 கோடி டாலர் வரை குறையும் என்று அதன் தலைவர் ஜேமி டைமன் சொன்னார். 2017 ஜனவரியில் இணைப்புப் பரிசு பாதியாகக் குறைந்தது. 24 மாதத்துக்குள் 5 புதுக் கார்டு வாங்கியவருக்குக் கார்டு இல்லை என்ற விதியை அந்த வங்கி அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தது.

விதியை வரிக்கு வரி படிப்பவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 1999ல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சம்பவம் போதும். ஒரு உணவு நிறுவனம் தன் தயாரிப்புகளின் 10 பார்கோடு அனுப்பினால் 500 மைல், முதல் மாதத்தில் அனுப்பினால் இரட்டிப்பு என்று அறிவித்தது. டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர் அந்த நிறுவனத்தின் மிக மலிவான பொருளைத் தேடினார். 25 சென்ட்டுக்கு ஒரு கிண்ணம் புட்டிங் கிடைத்தது. கடை கடையாக ஏறி 12,150 கிண்ணம் வாங்கினார். செலவு 3,140 டாலர். அத்தனையையும் சாப்பிட முடியாது, பார்கோடு உரிக்கவும் நேரம் இல்லை. சால்வேஷன் ஆர்மி தொண்டு நிறுவனத்துக்குப் புட்டிங்கைத் தானமாகக் கொடுத்தார். அதன் தொண்டர்கள் பார்கோடை உரித்துக் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல். தானத்துக்கு 815 டாலர் வரிச் சலுகையும் பெற்றார். 2002ல் வந்த 'பஞ்ச்-ட்ரங்க் லவ்' படத்தில் நாயகன் புட்டிங் வாங்கிக் குவிப்பது இவரைப் பார்த்துத்தான்.

அடுத்து வந்தது நாணயக் கதை. அமெரிக்க அரசு ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர 2008ல் ஒரு வழி செய்தது. நாணயச் சாலையின் இணையதளத்தில் கார்டு மூலம் வாங்கினால் முக மதிப்புக்கே கிடைக்கும், தபால் செலவு அரசுடையது. மைல் சேர்ப்பவர்கள் இதைப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான டாலருக்கு நாணயம் வாங்கினார்கள். கனத்த அட்டைப் பெட்டிகள் வாசலில் வந்து இறங்கின. அவற்றை அப்படியே காரில் ஏற்றி வங்கியில் கட்டி, அந்தப் பணத்திலேயே கார்டு பில்லை அடைத்தார்கள். ஒரு சென்ட் செலவில்லாமல் மைல் குவிந்தது. நாணயங்களோ புழக்கத்துக்குப் போகாமல் உருளை உறை பிரியாமலே பெட்டகத்துக்குத் திரும்பின. 2011 ஜூலையில் நாணயச் சாலை கார்டு வாங்குவதை நிறுத்தியது. தபால் செலவையும் கார்டுக் கட்டணத்தையும் சுமந்தவர்கள் வரி கட்டுவோர். இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

யார் சுமக்கிறார்கள் என்ற கேள்விக்கு 2010ல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் எண்ணாலேயே பதில் சொன்னார்கள். கடைக்காரர் கார்டுக் கட்டணத்தை விலையில் ஏற்றிவிடுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அதே விலையைக் கொடுக்கிறார். அவருக்குப் பாயின்ட் கிடையாது. அவர்கள் கணக்குப்படி, ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பத்திலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் கார்டு தேய்க்கும் குடும்பங்களுக்குப் போனது. கார்டு தேய்க்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேர்ந்தது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குப் போகும் பணம் இல்லை இது. ஒரே கடையில், ஒரே வரிசையில், முன்னே நிற்பவர் பையிலிருந்து பின்னே நிற்பவர் பைக்குப் போகும் பணம். பின்னாளில் வந்த இன்னொரு ஆய்வு கார்டு வைத்திருப்பவர்களுக்குள்ளேயும் இதே ஓட்டத்தைக் கண்டது. பாக்கி வைத்து வட்டி கட்டுபவரிடமிருந்து, ஒழுங்காகக் கட்டிப் பாயின்ட் எடுப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் நகர்கிறது.

சில நாடுகள் ஊற்றையே அடைத்தன. ஆஸ்திரேலியா 2003ல் வங்கிகளுக்கிடையேயான கார்டுக் கட்டணத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு போட்டது. அங்கெல்லாம் கொசுறும் சுருங்கியது. அமெரிக்காவில் 2011ல் டெபிட் கார்டுக்கு மட்டும் வரம்பு வந்தது. டெபிட் கார்டில் இருந்த பாயின்ட் திட்டங்கள் பெரும்பாலும் மறைந்தன, கிரெடிட் கார்டில் இன்னும் ஓங்கின.

இந்தியாவுக்கு டைனர்ஸ் கிளப் 1961ல் வந்தது. 1980ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா உள்நாட்டு வங்கிக் கார்டைத் தொடங்கியது. கூட்டணிக் கணக்கு இங்கே சூடு பிடித்தது இணையக் கடைகள் வளர்ந்த பிறகுதான். 2018ல் வந்த அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு, பிரைம் உறுப்பினர்களுக்கு அமேசானில் 5 சதவீதம் கொடுத்தது, ஆண்டுக் கட்டணம் இல்லாமல். 2022ல் வந்த எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு கிட்டத்தட்ட எல்லா இணையக் கொள்முதலுக்கும் 5 சதவீதம் என்றது. வரம்பும் விலக்கும் பிறகு இறுகின. இந்தியாவின் நல்ல காலம், யுபிஐ கட்டணமில்லாமல் ஓடுகிறது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கலாம். சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் சென்னையின் தி.நகரிலோ ரிச்சி தெருவிலோ ஒரு பெரிய பொருளை வாங்கிவிட்டுக் கார்டை நீட்டினால், 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்துக் குடுங்க சார்' என்ற குரல் வரும். கார்டு நிறுவன விதிப்படி அது கூடாது. ஆயினும் கொசுறு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

கூட்டணி போட விரும்புகிற வாசகர் கார்டு விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கார்டின் கடைசி 6 மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். 10,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் கிடைப்பது 500. அதே 10,000 ரூபாயை ஒரு மாதம் பாக்கி வைத்தால், மாதம் 3.5 சதவீத வட்டி 350, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63, ஆகப் போவது 413. இரண்டாவது மாதமும் பாக்கி நின்றால் கொசுறு முழுதும் போய்க் கைக்காசும் போகும். அந்த 6 மாதத்தில் வட்டி என்ற வரியில் ஒரு ரூபாய் ஏறியிருந்தாலும் இரண்டாவது கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். இருக்கிற பாக்கியை முதலில் அடையுங்கள். வட்டி ஏறாதவர்களுக்கு இரண்டு கார்டு போதும்: எங்கே அதிகம் செலவாகிறதோ அதற்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் கட்டணமில்லாத ஒன்று. தெருமுனை மளிகைக் கடையில், காய்கறி வண்டியில், பூக்காரரிடம் ரொக்கமோ யுபிஐயோ கொடுங்கள்.